‘மருந்து குடிச்சிட்டா டாக்டர்!’ - நோயாளியின் மொழியைப் படிக்கும் மருத்துவ மாணவர்கள்

1980-ம் ஆண்டு ஜனவரி மாதம். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாகாணத்தில் வில்லி ரமிரெஸ் என்ற 18 வயது இளைஞருக்குத் திடீரெனக் கடுமையான தலைவலி. கொஞ்ச நேரத்தில் நினைவிழந்து விழுந்தார். அவசரமாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். உடன் சென்றவர்கள் கியூபாவிலிருந்து குடியேறிய குடும்பத்தினர். அவர்கள் பேசியது ஸ்பானிஷ். மருத்துவர்கள் பேசியது ஆங்கிலம்.

‘என்ன ஆச்சு?’ என்ற கேள்விக்கு வந்த பதிலில் ‘இன்டாக்சிகாடோ’ என்றொரு வார்த்தை இருந்தது. கியூபா மக்களின் பேச்சு வழக்கில் அதற்கு, சாப்பிட்டதோ குடித்ததோ உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். ஆனால், ஆங்கிலத்தில் போதையைக் குறிக்கும் ‘இன்டாக்சிகேட்டட்’ என்ற சொல்லைப் போலவே அது ஒலித்தது. இளைஞர் அளவுக்கு மீறிப் போதைப்பொருள் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று முடிவு செய்து, அதற்கான சிகிச்சையைத் தொடங்கினார்கள்.

உண்மையில் அவருக்கு ஏற்பட்டிருந்தது மூளையில் ரத்தக்கசிவு. அது தெரியவந்தபோது இரண்டு நாள்களுக்கு மேல் ஓடிவிட்டிருந்தது. இரண்டு கைகளும் இரண்டு கால்களும் செயலிழந்துபோயின. வழக்கு, அவரது ஆயுள் முழுவதற்குமாகச் சுமார் 7.1 கோடி டாலர் இழப்பீடு என்ற சமரசத்தில் முடிந்தது.

இந்தச் சம்பவத்தை மருத்துவ மாணவர்களுக்கு இன்றும் பாடமாகச் சொல்கிறார்கள். காரணம், அன்று மொழிபெயர்ப்பாளரை யாருமே கேட்கவில்லை. குடும்பம் ‘சொல்லிவிட்டோம்’ என்று நம்பியது. மருத்துவர்கள் ‘புரிந்துவிட்டது’ என்று நம்பினார்கள். ஒரு மொழி சுத்தமாகத் தெரியாவிட்டால் உதவிக்கு ஆள் தேடுவோம். கொஞ்சம் தெரிந்ததுபோல இருந்தால்தான் தேட மாட்டோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

நம்மூர் ‘இன்டாக்சிகாடோ’

‘இது அமெரிக்கக் கதைதானே’ என்று கடந்துபோக முடியாது. தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ் இடங்களில் 15 சதவிகிதமும், மருத்துவ மேற்படிப்பு இடங்களில் 50 சதவிகிதமும் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகின்றன. அப்படி வருகிறவர்களில் தமிழ் தெரியாதவர்களும் உண்டு. புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி போன்ற இடங்களிலும் பல மாநில மாணவர்கள் படிக்கிறார்கள். இந்தியாவுக்குள்தான் இருக்கிறார்கள், ஆனால், வார்டில் அவர்கள் காதில் விழும் மொழி, அவர்களுக்கு அயல்மொழிதான்.

வடமாநிலத்திலிருந்து வந்த ஒரு மாணவி, ஆறு மாதம் மெனக்கெட்டுத் தமிழ் படித்துவிட்டு அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் உறவினர்கள், ‘மருந்து குடிச்சிட்டா டாக்டர்!’ என்று அலறுகிறார்கள். அந்த மாணவிக்கு ‘மருந்து’ தெரியும். ‘குடிப்பது’ம் தெரியும். ‘மருந்து குடித்தது நல்லதுதானே, எதற்கு அலறுகிறார்கள்?’ என்று யோசிப்பார். தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்த யாருக்கும் அந்த வாக்கியத்தின் பொருளை விளக்க வேண்டியதில்லை. வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டாள் என்பதுதான் அது. உடனடியாகச் சிகிச்சை தொடங்க வேண்டிய நேரத்தில், ஒரு வார்த்தைக்கு அகராதிப் பொருள் மட்டும் தெரிந்திருப்பது போதாது.

‘இழுப்பு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘பிள்ளைக்கு இழுப்பு வந்துடுச்சு’ என்றால் சில வீடுகளில் அது மூச்சிரைப்பு. சில வீடுகளில் வலிப்பு. ஒன்று நுரையீரல் சம்பந்தப்பட்டது. மற்றொன்று மூளை சம்பந்தப்பட்டது. இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு. ‘மயக்கமா இருக்கு’ என்பதும் அப்படித்தான். தலை சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா, நினைவே தப்பிப்போனதா? அடுத்த கேள்வியைக் கேட்டால்தான் தெரியும்.

தென்மாவட்டங்களில் ‘மேலுக்கு முடியலை’ என்பார்கள். ‘மேல்’ என்றால் உயரே என்று பாடப்புத்தகத்தில் படித்தவர் கூரையைப் பார்ப்பார். அங்கே ‘மேல்’ என்பது உடம்பு. ‘ஒண்ணுக்கு’, ‘ரெண்டுக்கு’ என்பவை எண்கள் அல்ல. ‘வெளிக்கிப் போகலை’ என்றால் வெளியூருக்குப் போகவில்லை என்று அர்த்தமல்ல. ‘முழுகாம இருக்கா’ என்றால் குளிக்காமல் இருக்கிறாள் என்று எழுதிக்கொள்ளக் கூடாது, அவள் கர்ப்பிணி. மாதவிடாய் கடைசியாக எப்போது வந்தது என்று அறிய, ‘கடைசியா எப்போ தலைக்குக் குளிச்சீங்க?’ என்று கேட்டால்தான் பல பாட்டிமார்களும் அம்மாக்களும் கூச்சமில்லாமல் தேதி சொல்வார்கள்.

இதையெல்லாம் எந்தத் தமிழ் இலக்கணப் புத்தகமும் சொல்லித்தராது. வார்டு சிஸ்டர், ஆயாம்மா, சக மாணவர்கள், எல்லாவற்றுக்கும் மேலாக நோயாளிகள் - இவர்கள்தான் ஆசிரியர்கள்.

வலிக்கு எத்தனை பெயர்?

மருத்துவத்தில் நோயாளி சொல்லும் கதைக்குப் பெரிய மதிப்பு உண்டு. எப்போது தொடங்கியது, எங்கே, எப்படி, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று கேட்டு வாங்குவதை ‘ஹிஸ்டரி’ எடுப்பது என்பார்கள். பல நேரங்களில் ஸ்கேனுக்கு முன்பே நோய் எதுவென்று ஊகிக்க உதவுவது அந்தக் கதைதான்.

அதிலும் வலியைச் சொல்லும் வார்த்தைகள் முக்கியமானவை. கனடாவைச் சேர்ந்த உளவியல் அறிஞர் ரொனால்ட் மெல்சாக், 1975-ல் வலியை அளக்க ஒரு வினாத்தாளை வெளியிட்டார். ‘மெக்கில் வலி வினாத்தாள்’ என்று பெயர். வலியை விவரிக்கும் 78 ஆங்கிலச் சொற்களை 20 குழுக்களாக அதில் அடுக்கியிருந்தார். நோயாளி எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதை வைத்தே வலியின் தன்மையை ஓரளவு பிரித்தறிய முடியும் என்பது அதன் அடிப்படை.

தமிழிலும் அப்படியொரு பட்டியல் போட்டால் எவ்வளவு நீளும்? குத்துது, குடையுது, எரியுது, கடுக்குது, பிசையுது, உளையுது, விண்விண்ணுன்னு தெறிக்குது, சுருக்சுருக்குன்னு இருக்கு, இறுக்கிப் பிடிக்குது, பாரமா இருக்கு, மதமதன்னு இருக்கு, மரத்துப்போச்சு... தமிழ் பேசும் மருத்துவர் காதில் இவை ஒவ்வொன்றும் தனித்தனியாக விழும். ‘பாதமெல்லாம் எரியுது’ என்று சர்க்கரை நோயாளி சொன்னால் நரம்புப் பாதிப்பாக இருக்குமோ என்று யோசிப்பார். ‘நெஞ்சு கரிக்குது’ என்றால் இரைப்பை அமிலத்தை நினைப்பார். ‘நெஞ்சை அடைக்குது, பாரம் வெச்ச மாதிரி இருக்கு’ என்றால் உடனே இ.சி.ஜி எடுக்கச் சொல்வார்.

இந்த வார்த்தைகள் எல்லாவற்றுக்கும் ‘பெயின்’ என்று ஒரே சொல்லைப் போட்டு ஒருவர் மொழிபெயர்த்தால்? நோயாளி தந்த குறிப்புகளில் பாதி அங்கேயே தொலைந்துபோகும்.

தமிழ்ப் பிள்ளைகள் ரஷ்ய வார்டில்

இதே கஷ்டத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து அனுபவிக்கிறவர்கள், மருத்துவம் படிக்க வெளிநாடு போகும் நம் பிள்ளைகள். ரஷ்யா, ஜார்ஜியா, கிர்கிஸ்தான், கஜகஸ்தான், சீனா, பிலிப்பைன்ஸ் என்று போகிறார்கள். ‘பாடமெல்லாம் இங்கிலீஷ்லதான்’ என்று முகவர்கள் சொல்வார்கள். வகுப்பறையைப் பொறுத்தவரை அது சரியாக இருக்கலாம். ஆனால், மூன்றாம் ஆண்டு வாக்கில் மருத்துவமனைக்குள் நுழையும்போது, கட்டிலில் படுத்திருக்கும் ரஷ்யப் பாட்டிக்கு இங்கிலீஷ் தெரியாது.

தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, வெளிநாட்டில் படிக்கும் மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதங்கள் கொண்டதாக இருக்க வேண்டும். அதோடு, 12 மாத இன்டர்ன்ஷிப்பையும் படித்த வெளிநாட்டுக் கல்வி நிறுவனத்திலேயே முடிக்க வேண்டும். ஆக, அந்த ஊர் நோயாளிகளோடு பேசாமல் படிப்பை முடிக்க முடியாது. உள்ளூர் மொழி தெரியாத மாணவர் வார்டில் சும்மா நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டியிருக்கும். லட்சக்கணக்கில் கட்டணம் கட்டி வாங்கிய அனுபவம் அதோடு முடிந்துவிடும்.

அதனால்தான் பல ரஷ்யப் பல்கலைக்கழகங்களில் முதல் ஆண்டிலிருந்தே ரஷ்ய மொழி கட்டாயப் பாடம். சீனாவில் ஹெச்.எஸ்.கே என்ற சீனமொழித் தேர்வில் நான்காம் நிலையை எட்டினால்தான் பயிற்சிக்கு அனுமதி என்று பல பல்கலைக்கழகங்கள் சொல்கின்றன. கிர்கிஸ்தானில் ரஷ்ய மொழி தெரிந்தாலும் போதாது. கிராமத்திலிருந்து வரும் பெரியவர்கள் கிர்கிஸ் மொழியில்தான் பேசுவார்கள்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. தமிழ் தெரிந்தவர்களுக்கு, ஆங்கிலத்தைவிடத் தமிழே கைகொடுக்கும் இடங்கள் அயல்மொழிகளில் இருக்கின்றன. ஆங்கிலத்தில் கைக்கு ‘ஆர்ம்’, ‘ஹேண்ட்’ என்று இரண்டு சொற்கள். ரஷ்ய மொழியில் தோளிலிருந்து விரல் வரை ‘ருகா’தான், நம் ‘கை’யைப் போல. இடுப்புக்குக் கீழே பாதம் வரை ‘நகா’, நம் ‘கால்’ போல. ரஷ்யப் பாட்டி, ‘எனக்கு தவ்லேனியே’ என்பார். ‘அழுத்தம்’ என்று பொருள். நம்மூர்ப் பாட்டி ‘எனக்கு பிரஷர் இருக்குப்பா’ என்று சொல்வதுபோலத்தான், ரத்தக் கொதிப்பு இருக்கிறது என்கிறார். ரஷ்ய மருத்துவர்கள் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்வி ‘ஷ்தோ வஸ் பெஸ்பகோயித்?’. ‘உங்களைத் தொந்தரவு செய்வது எது?’ என்று பொருள். ‘உடம்புக்கு என்ன பண்ணுது?’ என்ற நம் கேள்விக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள்.

வகுப்பறையில் ஒரு ‘நோயாளி’

சரி, நோயாளியின் மொழியை மாணவர்களுக்கு எப்படித்தான் சொல்லித்தருகிறார்கள்? உயிரெழுத்து, மெய்யெழுத்து என்று தொடங்கினால் ஆறு மாதத்தில் பரீட்சை எழுதலாம். நோயாளியிடம் பேச முடியாது. எனவே, மருத்துவ மாணவர்களுக்கான மொழி வகுப்புகள் பெரும்பாலும் கேள்விகளிலிருந்தே தொடங்குகின்றன. ‘எங்கே வலிக்குது?’, ‘எத்தனை நாளா?’, ‘மூச்சை இழுத்து விடுங்க’, ‘வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?’, ‘எந்த மாத்திரையாவது ஒத்துக்காம போயிருக்கா?’ - இப்படி ஐம்பது அறுபது வாக்கியங்கள். ஆனால், கேள்வி கேட்பது எளிது. வரும் பதில் புரிவதுதான் கஷ்டம். அந்தப் பயிற்சிக்குத்தான் நடிகர்கள் வருகிறார்கள்.

1963-ல் அமெரிக்காவின் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் பேரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் ஒரு புது முறையைத் தொடங்கினார். உடல்நலத்தோடு இருக்கும் ஒருவருக்கு ஒரு நோயாளியின் கதை முழுவதையும் சொல்லிக்கொடுத்து, மாணவர்கள் முன் நோயாளியாக நடிக்க வைத்தார். மாணவர் கேள்வி கேட்க வேண்டும், பரிசோதிக்க வேண்டும். முடிந்ததும், ‘நீ என் முகத்தையே பார்க்கவில்லை’, ‘நான் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாய்’ என்று அந்த ‘நோயாளி’யே குறை சொல்லலாம். இன்று உலகம் முழுக்க மருத்துவக் கல்லூரிகளில் இந்த முறை இருக்கிறது. அயல்மொழி வகுப்புகளுக்கு இது இன்னும் பொருத்தம். தப்பாகப் பேசினாலும் யார் உயிருக்கும் ஆபத்தில்லை அல்லவா?

ஜெர்மனி இதைத் தேர்வாகவே வைத்திருக்கிறது. வெளிநாட்டு மருத்துவர்கள் அங்கே பணிபுரிய, பொது ஜெர்மன் மொழியில் பி2 நிலை தேவை. அதற்கும் மேல், மருத்துவ மொழித் தேர்வு ஒன்றை சி1 நிலையில் தேற வேண்டும். தலா 20 நிமிடம் கொண்ட மூன்று பகுதிகள் அதில் உண்டு. முதல் பகுதியில் நோயாளியாக நடிப்பவரிடம் பேசி விவரம் வாங்க வேண்டும். இரண்டாவதில் அதை மருத்துவக் குறிப்பாக எழுத வேண்டும். மூன்றாவதில் அதே விவரத்தை இன்னொரு மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மருத்துவரிடம் பேசும்போது ‘டயாபட்டீஸ்’ என்று சொல்லலாம். நோயாளியிடம் ‘சுக்கர்கிராங்க்ஹைட்’ என்று சொல்ல வேண்டும். நேரடிப் பொருள், சர்க்கரை நோய்! கணையத்துக்கு ஜெர்மன் மக்கள் வைத்திருக்கும் பெயருக்கு ‘வயிற்று உமிழ்நீர்ச் சுரப்பி’ என்று பொருள். அதாவது, ஒரே நோயை ஒரே மணி நேரத்தில் இரண்டு மொழிகளில் சொல்லத் தெரிய வேண்டும் - படித்தவர் மொழி ஒன்று, பாமரர் மொழி ஒன்று. யோசித்துப் பார்த்தால், தமிழ்நாட்டில் பிறந்து தமிழிலேயே பேசும் மருத்துவர்களுக்கும் இந்தத் தேர்வு தேவைதான்.

இங்கிலாந்து, ஆஸ்திரேலியா செல்லும் நம்மூர் நர்ஸ்களும் மருத்துவர்களும் எழுதும் ஓ.இ.டி தேர்விலும் இதே ஏற்பாடு உண்டு. பேச்சுத் தேர்வில் இரண்டு காட்சிகள் தருவார்கள். பயந்துபோன நோயாளியையோ, கோபத்தில் இருக்கும் உறவினரையோ ஆங்கிலத்தில் பேசிச் சமாளிக்க வேண்டும்.

இந்தியாவிலும் காற்று மாறியிருக்கிறது. 2019-ல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ் பாடத்திட்டம், தொடக்கநிலைப் பயிற்சியிலேயே உள்ளூர் மொழிக்கும் இடம் கொடுத்தது. அணுகுமுறை, நெறிமுறை, நோயாளியிடம் பேசும் திறன் ஆகியவற்றுக்கென ‘ஏட்காம்’ என்ற தனிப்பகுதியும் சேர்க்கப்பட்டது. வகுப்பில் கற்ற அந்தச் சில வாரத் தமிழை வார்டில் வளர்த்துக்கொள்வதா, மறந்துவிடுவதா என்பது மாணவர் கையில் இருக்கிறது. அவரைச் சுற்றி இருக்கும் பேராசிரியர்கள் கையிலும் இருக்கிறது.

வார்த்தைக்கு மேல் ஒரு மரியாதை

வார்த்தைகளோடு மொழி முடிந்துவிடுவதில்லை. ‘நீ வா, உட்கார், வாயைத் திற’ என்று எழுபது வயதுப் பெரியவரிடம் சொன்னால், இலக்கணப்படி பிழையில்லை. ஆனால், அவர் அதன்பிறகு வாயைத் திறக்க மாட்டார். ‘வாங்க ஐயா, உட்காருங்க’ என்ற இரண்டு ‘ங்க’வில் பாதி வைத்தியம் முடிந்துவிடும். ‘பாட்டி, சாப்பிட்டீங்களா?’ என்று தொடங்கும் மாணவரிடம் பாட்டி, கேட்காததையும் சேர்த்துச் சொல்வார்.

தலையசைப்பும் ஒரு மொழிதான். நாம் பக்கவாட்டில் தலையை ஆட்டினால் ‘சரி’ என்றும் பொருள் உண்டு. வெளிநாட்டவருக்கு அது ‘இல்லை’ என்று படும். ‘பெரிய வியாதியா டாக்டர்?’ என்று உறவினர் குரலைத் தாழ்த்திக் கேட்டால், அது நோயின் அளவைப் பற்றிய கேள்வி அல்ல. புற்றுநோயா என்று கேட்கிறார். பெயரைச் சொல்லவே பயப்படுகிறார். அந்தப் பயம் புரியாமல், ‘ஆமாம், பெரிய வியாதி’ என்று ஒரு மாணவர் பதில் சொன்னால் என்ன ஆகும்?

நடுவில் நிற்பவர் யார்?

எந்த மாணவரும் எல்லா மொழியையும் கற்க முடியாது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலைபார்க்கும் ஒடிசா தொழிலாளி, சென்னையில் கட்டட வேலை செய்யும் வங்காளி, வேலூருக்குச் சிகிச்சை தேடி வரும் ஜார்க்கண்ட் குடும்பம் என்று தமிழ்நாட்டு மருத்துவமனைகளிலேயே பல மொழிகள் கேட்கின்றன. அப்போதெல்லாம் நடுவில் ஒருவர் நின்றுதான் ஆக வேண்டும். அது பெரும்பாலும் யார்? காவலாளி, பக்கத்துக் கட்டில் நோயாளி, மேஸ்திரி, அல்லது பள்ளியில் படிக்கும் பிள்ளை.

இது எவ்வளவு சிக்கலானது என்பதை 2003-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கிளென் ஃப்ளோரஸ் தலைமையிலான குழு, ஸ்பானிஷ் பேசும் குடும்பங்களுக்கும் மருத்துவர்களுக்கும் இடையே நடந்த 13 உரையாடல்களைப் பதிவு செய்து அலசியது. மொத்தம் 396 பிழைகள். ஓர் உரையாடலுக்குச் சராசரியாக 31. மருந்து ஒவ்வாமை பற்றிய கேள்வி விடுபட்டிருந்தது. முகத்தில் மட்டும் தடவ வேண்டிய களிம்பை உடம்பு முழுக்கத் தடவச் சொல்லியிருந்தார்கள். காதில் தொற்று இருந்த குழந்தைக்கு வாய்வழியே கொடுக்க வேண்டிய மருந்தை, இரண்டு காதிலும் ஊற்றச் சொன்ன சம்பவமும் அதில் இருந்தது. பயிற்சி பெறாதவர்கள் மொழிபெயர்த்தபோது, விபரீதத்தில் முடியக்கூடிய பிழைகளின் விகிதம் அதிகமாக இருந்தது.

பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளர் ஆக்குவதில் இன்னொரு கொடுமை இருக்கிறது. அம்மாவுக்கு ரத்தப்போக்கு ஏன் நிற்கவில்லை என்பதைப் பத்து வயது மகன் கேட்டுச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குப் புற்றுநோய் என்பதை மகள் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2016-ல் வந்த விதிகள், அவசர நிலை தவிர மற்ற நேரங்களில் சிறுவர்களை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்றன. கணவர் மொழிபெயர்த்தால், வீட்டில் அடி விழுவதை மனைவி எப்படிச் சொல்வார்?

இதனால், நல்ல மொழி வகுப்புகளில் மொழியோடு வேறொன்றையும் சேர்த்தே சொல்லித்தருகிறார்கள். அது, எங்கே நிறுத்த வேண்டும் என்பது. ‘வணக்கம்’ சொல்லவும், தைரியம் சொல்லவும், எங்கே வலிக்கிறது என்று கேட்கவும் உன் அரைகுறை மொழி போதும். அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் வாங்கவோ, கெட்ட செய்தி சொல்லவோ, மருந்தின் அளவை விளக்கவோ அது போதாது. அப்போது மொழி நன்றாகத் தெரிந்தவரைக் கூப்பிடு. அவரைப் பார்க்காமல் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசு. சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசு. முடிவில், ‘நான் சொன்னதை நீங்க ஒரு தடவை சொல்லுங்க’ என்று கேள். நோயாளி திரும்பச் சொல்வதில் பிழை இருந்தால், அது உன் பிழை.

ஒரே ஒரு வார்த்தையிலும் வழுக்கி விழலாம். ஆங்கிலத்தில் ‘ஒன்ஸ்’ என்றால் ஒரு தடவை. அதே எழுத்துகளில் எழுதப்படும் ஸ்பானிஷ் சொல்லுக்கு, பதினொன்று என்று பொருள். மாத்திரைச் சீட்டில் அந்தச் சொல் இருந்தால்..?

யாழ்ப்பாணத்தில் ஓர் அமெரிக்க டாக்டர்

இந்த விஷயத்தில் தமிழுக்கு ஒரு பெருமையான வரலாறு உண்டு. 1847-ல் அமெரிக்காவிலிருந்து இலங்கை வந்த மிஷனரி மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், யாழ்ப்பாணத்தின் மானிப்பாயில் தங்கி வைத்தியம் பார்த்தார். தமிழ் படித்தார். உள்ளூர் இளைஞர்களுக்கு மேலைநாட்டு மருத்துவம் கற்றுக்கொடுத்தார். முதலில் ஆங்கிலத்தில்தான் பாடம் நடந்தது. ஆங்கிலத்தில் படித்தவர்கள் கிராமத்து மக்களைவிட்டு விலகி அரசு வேலைக்குப் போய்விடுவார்கள் என்று கவலைப்பட்ட கிரீன், 1860-களில் பாடத்தையே தமிழுக்கு மாற்றினார்.

அதற்குப் புத்தகம் வேண்டுமே? ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’ என்று ஆங்கில மருத்துவ, அறிவியல் நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். கலைச்சொற்களைத் தேடித்தேடி உருவாக்கினார். நோயாளியின் மொழியை மருத்துவர் கற்பது ஒரு படி என்றால், மருத்துவத்தையே நோயாளியின் மொழிக்குக் கொண்டுவருவது பத்துப் படி. கிரீன் அதைச் செய்துவிட்டு, 1873-ல் ஊர் திரும்பி, 1884-ல் மறைந்தார். ‘தமிழர்களுக்கான மருத்துவ ஊழியர்’ என்று தன் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பமாக இருந்தது.

நோயாளிகள் என்ன செய்யலாம்?

மாணவர்கள் கற்றுக்கொள்ளட்டும். நம் பங்குக்கும் சில விஷயங்கள் இருக்கின்றன.

* தமிழ் தட்டுத்தடுமாறும் இளம் டாக்டரிடம் மெதுவாக, ஒவ்வொரு விஷயமாகச் சொல்லுங்கள். அவர் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்துவிட்டால், அடுத்த கேள்வியைக் கேட்கவே தயங்குவார்.

* ‘ஒரு மாதிரி இருக்கு’ என்று நிறுத்தாமல், இடத்தைக் கையால் தொட்டுக் காட்டுங்கள். எப்போதிலிருந்து, எதைச் சாப்பிட்ட பிறகு, எதைச் செய்யும்போது என்று சொல்லுங்கள்.

* பூச்சிமருந்து, பாம்புக்கடி, வலிப்பு போன்ற அவசர நேரங்களில் சுற்றிவளைக்காமல் நேரடியாகச் சொல்லுங்கள். பூச்சிமருந்து டப்பாவைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

* வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும், பழைய சீட்டுகளையும் ஒரே பையில் வைத்துக் கொண்டுபோங்கள். மாத்திரை அட்டைக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம்.

* டாக்டர் சொன்னது புரியவில்லை என்றால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். ‘காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டுக்குப் பிறகு. சரிதானே டாக்டர்?’ என்று திரும்பச் சொல்லி உறுதி செய்யுங்கள்.

* புரியாத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ‘தமிழ்ல ஒரு தடவை சொல்லச் சொல்லுங்க’ என்று கேட்பது உங்கள் உரிமை.

* வீட்டுப் பெண்களை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றால், அவர்கள் டாக்டரிடம் தனியாகப் பேசக் கொஞ்ச நேரம் கொடுங்கள்.

வெளிநாட்டுக்குப் பிள்ளையை மருத்துவம் படிக்க அனுப்பும் பெற்றோர், கல்லூரிக் கட்டணத்தோடு இதையும் விசாரியுங்கள்: அந்த ஊர் மொழியை எத்தனை ஆண்டுகள் சொல்லித்தருகிறார்கள்? நோயாளியிடம் நேரடியாகப் பேசவிடுவார்களா? ‘அங்கே எல்லாம் இங்கிலீஷ்தான்’ என்ற பதில் மட்டும் வந்தால், யோசிக்க வேண்டிய இடம் அது.

அடுத்தமுறை அரசு மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர், ‘பாட்டி, எங்கே வலி வருது?’ என்று திக்கித் திக்கிக் கேட்டால், ‘வலிக்குதுன்னு சொல்லணும்ப்பா’ என்று பாட்டி திருத்தட்டும். அந்தத் திருத்தம், அவருக்கு அடுத்து வரப்போகும் நோயாளிக்கும் சேர்த்துத்தான்.